அருகமை விளைவு

குடியிருப்பின் அமைப்பும் வாசல்களுக்கு இடைப்பட்ட தொலைவும், அங்கு வாழ்வோரில் யார் யாருடன் நட்புக் கொள்வர் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கும் போக்கு, சமூக உளவியலில் அருகமை விளைவு எனப்படுகிறது. லியான் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் ஆகிய மூவர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் மணமான மாணவர்களுக்கு அமைத்த வெஸ்ட்கேட் குடியிருப்புகளை ஆராய்ந்து 1950இல் வெளியிட்ட நூல் இதற்கு அடிப்படையாகும். வீடுகள் ஒதுக்கீட்டின்படியே வழங்கப்பட்டமையால், ஒத்த மனத்தினர் தேடிவந்து அருகருகே குடியேறினர் என்று இம்முடிவுகளைத் தள்ளிவிட இயலாது.

ஒரே தளத்தில் அடுத்த வீட்டாரை நண்பராகக் குறிப்பிட்டோர் 41 விழுக்காடாக இருக்க, அத்தளத்தின் மறுகோடியில் இருந்தோரைக் குறிப்பிட்டோர் 10 விழுக்காடே. இத்தனைக்கும் இரு கோடிகளுக்கும் இடையே 30 மீட்டர்கூட இல்லை. மாடிப்படியின் அடியில் குடியிருந்தோருக்கு மேல்தளத்து நட்பு கூடுதலாக வாய்த்தது. மேலே இருந்தோர் அவர்களது வாசலைக் கடந்தே போய்வர வேண்டியிருந்தது.