படைப்புக்கு இட்ட மறுபெயர்கள்

அமெரிக்க அரசுப் பள்ளிகளின் உயிரியல் வகுப்புக்குள் நுழைய ஒரு கருத்து நூறு ஆண்டுகளாக முட்டிமோதிக்கொண்டிருக்கிறது. உயிரினங்களைக் கடவுள் தனித்தனியாகப் படைத்தார், அவை ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து வந்தவை அல்ல என்பது அந்தக் கருத்து. உள்ளடக்கத்தில் அது பெரிதாக மாறவே இல்லை. பெயர்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பெயர் மாறிய ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே நீதிமன்றத் தீர்ப்புகளின் ஆண்டுகளையும் எழுதிப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். ஒரு சொல் எப்போது, யார் கையால் மாறியது என்பதைச் சொல்லாராய்ச்சிக்காரர்கள் பெரும்பாலும் ஊகிக்கத்தான் முடியும். இங்கே வரைவுப் பிரதிகள் இருக்கின்றன, சத்தியம் செய்து கொடுத்த சாட்சியம் இருக்கிறது, தேதியும் இருக்கிறது.

‘கிரியேஷனிசம்’, அதாவது படைப்புவாதம், தொடக்கத்தில் பரிணாமச் சர்ச்சையோடு தொடர்பே இல்லாத சொல். பிறக்கும் குழந்தைக்கு ஆன்மா எங்கிருந்து வருகிறது என்று கிறிஸ்தவ இறையியலில் ஒரு பழைய வழக்கு உண்டு. உடலைப் போலவே ஆன்மாவும் பெற்றோரிடமிருந்து வருகிறது என்றது ஒரு கட்சி. இல்லை, ஒவ்வோர் ஆன்மாவையும் கடவுள் புதிதாகப் படைக்கிறார் என்றது மற்றொரு கட்சி. அந்த இரண்டாவது கட்சியின் பெயர்தான் படைப்புவாதம். 1850களில் டார்வின் தம் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் ‘கிரியேஷனிஸ்ட்’ என்ற சொல்லை வேறு பொருளில் எடுத்தாண்டார். ஒவ்வோர் உயிரினமும் தனியே படைக்கப்பட்டது என்று நம்பும் இயற்கையியலாளர்களை அவர் அப்படிக் குறிப்பிட்டார். ஆனாலும் அந்தச் சொல் ஓர் இயக்கத்தின் கொடியாக நெடுங்காலம் ஆகவில்லை.

1925 ஜூலையில் டென்னசி மாநிலத்தின் டேட்டன் என்ற சிற்றூரில், பரிணாமம் கற்பித்த குற்றத்துக்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மீது வழக்கு நடந்தபோது, பரிணாமத்தை எதிர்த்த தரப்பு தன்னைப் படைப்புவாதி என்று சொல்லிக்கொள்ளவில்லை. அவர்கள் ‘ஃபண்டமென்டலிஸ்ட்’ என்ற பெயரைப் பெருமையோடு சூடியிருந்தார்கள். 1920இல் கர்டிஸ் லீ லாஸ் என்ற பாப்டிஸ்ட் பத்திரிகை ஆசிரியர் உருவாக்கிய சொல் அது. இன்றைய வசைப்பொருள் அப்போது அதில் ஏறவில்லை. அவர்கள் கொண்டுவந்த சட்டமும் ஒளிவுமறைவில்லாதது. விவிலியம் சொல்லும் படைப்பை மறுத்து, மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து வந்தவன் என்று அரசுப் பள்ளியில் கற்பிக்கக் கூடாது, அவ்வளவுதான். மறுபெயர் எதுவும் தேவைப்படாத காலம்.

அந்த வழக்கில் அரசுத் தரப்பில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக மூன்று முறை நின்றவர். நாடகங்களிலும் சினிமாவிலும் அவரைக் கோமாளியாக்கிவிட்டார்கள். ஆனால் சாட்சிக் கூண்டில் ஸ்கோப்ஸின் வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ மடக்கிக் கேட்டபோது, படைப்பின் ஆறு நாட்கள் இருபத்துநான்கு மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டவர் அவர்தான். ஸ்கோப்ஸ் பயன்படுத்திய ‘சிவிக் பயாலஜி’ என்ற பாடநூலையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். 1914இல் வந்த அந்த நூலில் பரிணாமம் இருந்தது. மனித இனங்களை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்தி வெள்ளையரை உச்சியில் வைக்கும் பகுதியும், ‘தரம் குறைந்தவர்கள்’ பிள்ளை பெறுவதைத் தடுக்க வேண்டும் என்ற போதனையும் கூடவே இருந்தன. வலியவன் எளியவனை அழிப்பதே இயற்கை என்று பிள்ளைகள் கற்றுவிடுவார்கள் என்ற பிரையனின் அச்சம் முழுக்க மூடத்தனம் என்று என்னால் தள்ள முடியவில்லை. அறிவியல் பாடத்துக்குள்ளும் அரசியல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஸ்கோப்ஸுக்கு நூறு டாலர் அபராதம். பின்னர் மேல்முறையீட்டில், அபராதத் தொகையை நடுவர் குழுதான் தீர்மானித்திருக்க வேண்டும், நீதிபதி அல்ல என்ற நுட்பக் காரணத்தால் அந்தத் தண்டனை ரத்தானது. சட்டம் 1967 வரை உயிரோடு இருந்தது. பாடநூல் அச்சிடுவோர் வம்பு வேண்டாமென்று பரிணாமத்தைச் சுருக்கினார்கள்.

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. அமெரிக்காவுக்குத் தன் பள்ளி அறிவியல்மீது திடீர் அக்கறை பிறந்து, மத்திய அரசின் பணத்தில் புதிய உயிரியல் நூல்கள் வந்தன. பரிணாமமும் திரும்பி வந்தது. 1968இல் சூசன் எப்பர்சன் என்ற லிட்டில் ராக் நகர ஆசிரியை தொடுத்த வழக்கில், பரிணாமத்தைத் தடைசெய்யும் ஆர்கன்சா சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்ற அரசமைப்பின் முதல் திருத்தம்தான் காரணம். தேவாலயம் நடத்தும் தனியார் பள்ளியை அது கட்டுப்படுத்தாது. வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி என்றால் கட்டுப்படுத்தும்.

இனிப் பரிணாமத்தைத் தடுக்க முடியாது. பக்கத்தில் இன்னொன்றை வைக்கலாம். ஆனால் அது அறிவியல் என்ற பெயரோடு வர வேண்டும். அந்தப் பெயருக்கான சரக்கு ஏற்கெனவே தயாராக இருந்தது. 1961இல் ஜான் விட்காம் என்ற இறையியலாளரும் ஹென்றி மாரிஸ் என்ற நீரியல் பொறியாளரும் எழுதிய ‘தி ஜெனசிஸ் ஃப்ளட்’, பாறை அடுக்குகள் பெரும்பாலும் நோவா காலத்துப் பெருவெள்ளத்தில் படிந்தவை என்று வாதிட்டது. ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ் என்ற அட்வென்டிஸ்ட் எழுத்தாளர் 1920களிலேயே ‘வெள்ள நிலவியல்’ என்று சொல்லிவந்த வாதம்தான் இது. 1970களில் இதற்கு ‘கிரியேஷன் சயின்ஸ்’, படைப்பு அறிவியல், என்ற பெயர் நிலைபெற்றது. மாரிஸ் 1974இல் வெளியிட்ட ‘சயன்டிஃபிக் கிரியேஷனிசம்’ இரண்டு பதிப்பாக வந்தது: பொதுவாசகருக்கு ஒன்று, அரசுப் பள்ளிக்கு ஒன்று. பள்ளிப் பதிப்பில் விவிலிய மேற்கோள்கள் இல்லை. பழைய கள், புது மொந்தை என்பார்களே, அதை இத்தனை வெளிப்படையாகச் செய்தவர்கள் குறைவு.

1981இல் ஆர்கன்சா, இரண்டு ‘அறிவியல்’களுக்கும் சமநிலை தர வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களின் பட்டியல் சுவையானது. முதல் பெயர் வில்லியம் மெக்லீன், மெதடிஸ்ட் போதகர். பின்னால் கத்தோலிக்க, எபிஸ்கோபல் பிஷப்புகளும் யூத அமைப்புகளும் வரிசையாக நின்றார்கள். மதத்துக்கும் அறிவியலுக்கும் சண்டை என்று இதைச் சுருக்கிச் சொல்பவர்கள் இந்தப் பட்டியலைப் பார்ப்பதில்லை. 1982 ஜனவரியில் அந்தச் சட்டம் விழுந்தது. லூசியானாவின் இதேபோன்ற சட்டம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1987 ஜூன் 19 அன்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் செத்தது. ‘படைப்பு அறிவியல்’ என்ற பெயர் அன்றோடு அரசுப் பள்ளிக்கு ஆகாததாயிற்று.

அதே சமயம் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு பாடநூல் தயாராகிக்கொண்டிருந்தது. 1983 வரைவின் தலைப்பு ‘கிரியேஷன் பயாலஜி’. 1986இல் ‘பயாலஜி அண்ட் கிரியேஷன்’. 1987இல் ‘பயாலஜி அண்ட் ஆரிஜின்ஸ்’. கடைசியில் ‘ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்’ என்ற பெயரில் 1989இல் அச்சேறியது. தலைப்பிலேயே படைப்பு முன்னாலிருந்து பின்னால் போய், பிறகு காணாமலே போனது தெரிகிறது. உள்ளேயும் அப்படித்தான். படைப்பு என்றால் என்ன என்று முந்தைய வரைவுகள் ஒரு வரையறை தந்தன: மீன் மீனாகவும் பறவை பறவையாகவும், உறுப்புகள் எல்லாம் நிறைந்தபடியே, அறிவுள்ள ஒரு படைப்பாளரால் ஒரே அடியாகத் தோன்றின என்பது அதன் சாரம். 1987 தீர்ப்புக்குப் பிறகு வந்த வரைவில் அதே வரையறை அதே அமைப்பில் இருக்கிறது. ‘படைப்பு’ இருந்த இடத்தில் ‘இன்டெலிஜென்ட் டிசைன்’, அறிவார்ந்த வடிவமைப்பு; படைப்பாளர் இருந்த இடத்தில் ஓர் அறிவார்ந்த காரணி. ஏறக்குறைய நூற்றைம்பது இடங்களில் இந்த மாற்றம் நடந்திருந்தது.

மாற்றிய கை ஓர் இடத்தில் சறுக்கியது. ‘கிரியேஷனிஸ்ட்ஸ்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘டிசைன் புரொபோனன்ட்ஸ்’, வடிவமைப்பு ஆதரவாளர்கள், என்று போட வேண்டும். பழைய சொல்லை முழுவதும் அழிக்காமல் நடுவில் புதியதை ஒட்டிவிட்டார்கள். முதலெழுத்தான ‘சி’ முன்னால் நின்றுவிட்டது. ‘இஸ்ட்ஸ்’ என்ற வால் பின்னால் தொங்கியது. ‘சிடிசைன் புரொபோனன்ட்சிஸ்ட்ஸ்’ என்று எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல் பிறந்தது. மொழியியலில் இடைநிலை வடிவம் என்பார்கள். உயிரியலில் இடைநிலை உயிரி. பரிணாமத்தை மறுக்கும் நூலின் வரைவிலேயே அப்படியொன்று கிடைத்தது என்று அறிவியல் ஆசிரியர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘டிசைன்’ என்ற சொல்லுக்குக் கௌரவமான பூர்விகம் உண்டு. 1802இல் வில்லியம் பேலி, கடிகாரத்தைக் கண்டால் கடிகாரம் செய்தவரை ஊகிப்பதுபோல, உயிரின் அமைப்பைக் கண்டால் அமைத்தவரை ஊகிக்கலாம் என்று வாதிட்டார். அதை மாணவனாகப் படித்து ரசித்தவர் டார்வின். 1861இல் ஜான் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில், பிரபஞ்சம் முழுவதையும் பார்த்தால் அறிவோடு வடிவமைக்கப்பட்டதாகவே தோன்றுகிறது, தனித்தனி உயிரைப் பார்த்தால் அதற்குச் சான்று தெரியவில்லை என்று அவரே தடுமாறியிருக்கிறார். அந்தக் கேள்வி தத்துவ வகுப்பில் என்றும் வாழும். ‘பாண்டாஸ்’ பாடநூலின் கல்விசார் பதிப்பாசிரியர் சார்ல்ஸ் தாக்ஸ்டன், நாசா பொறியாளர் ஒருவர் வாயிலிருந்து ‘இன்டெலிஜென்ட் டிசைன்’ என்ற தொடரைப் பிடித்ததாகக் கூறியிருக்கிறார். இரவல் வாங்கியதில் குற்றமில்லை. எதை மறைக்க வாங்கினார்கள் என்பதுதான் வழக்கானது.

அந்த வழக்கு பென்சில்வேனியாவின் டோவர் ஊரில் எழுந்தது. 2004 அக்டோபரில் அந்த ஊர்ப் பள்ளி வாரியம் ஆறுக்கு மூன்று வாக்கில் ஒரு முடிவெடுத்தது. ஒன்பதாம் வகுப்பில் பரிணாமப் பாடம் தொடங்கும் முன் ஒரு சிறு அறிக்கை வாசிக்கப்படும்: டார்வினின் கோட்பாட்டில் இடைவெளிகள் உண்டு, மாற்று விளக்கம் வேண்டுவோர் நூலகத்தில் உள்ள ‘பாண்டாஸ்’ நூலைப் பார்க்கலாம். நூலகத்துக்கு அறுபது பிரதிகள் நன்கொடையாக வந்திருந்தன. உயிரியல் ஆசிரியர்கள் அதை வாசிக்க மறுத்தார்கள். 2005 ஜனவரியில் நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். பதினொரு பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். அதிபர் ஜார்ஜ் புஷ், இரு தரப்பையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று ஆகஸ்டில் கருத்துச் சொன்னார்.

விசாரணையில் பதிப்பகத்தின் வரைவுகள் நீதிமன்ற ஆணையால் வெளியே வந்தன. லூசியானாவைச் சேர்ந்த தத்துவப் பேராசிரியர் பார்பரா ஃபாரஸ்ட், ஒவ்வொரு வரைவிலும் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி வரைபடமாகக் காட்டினார். ஒரு கோடு 1987இல் செங்குத்தாகச் சரிகிறது; மற்றொன்று அதே இடத்தில் செங்குத்தாக ஏறுகிறது. எதிர்த்தரப்பின் முக்கிய நிபுணர் மைக்கேல் பீஹி, தம் வரையறைப்படி சோதிடமும் அறிவியல் கோட்பாடாகிவிடும் என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். 2005 டிசம்பர் 20 அன்று 139 பக்கத் தீர்ப்பு வந்தது. அறிவார்ந்த வடிவமைப்பு என்பது படைப்புவாதத்தின் மறுபெயர்தான். தீர்ப்பெழுதிய ஜான் ஜோன்ஸ், அதே புஷ் நியமித்த நீதிபதி. அதற்கு முந்தைய மாதமே தேர்தலில் நின்ற வாரிய உறுப்பினர்கள் எட்டுப் பேரையும் ஊர் மக்கள் தோற்கடித்திருந்தார்கள். வழக்குச் செலவாகப் பள்ளி மாவட்டம் பத்து லட்சம் டாலருக்குச் சற்று மேல் கொடுக்க வேண்டியதாயிற்று.

பெயர் மீண்டும் மாறியது. ‘சர்ச்சையைக் கற்பியுங்கள்’, ‘பலமும் பலவீனமும்’, ‘கல்விச் சுதந்திரம்’ என்று இப்போது யாரும் எதிர்க்கத் தயங்கும் சொற்களாகப் பொறுக்கி எடுத்தார்கள். 2008இல் லூசியானா இயற்றிய அறிவியல் கல்விச் சட்டம், விமர்சனச் சிந்தனையோடு அணுக வேண்டிய தலைப்புகளாகப் பரிணாமம், உயிரின் தோற்றம், புவி வெப்பமாதல், மனித நகலாக்கம் ஆகியவற்றைச் சுட்டுகிறது. புவி வெப்பமாதலுக்கும் ஆதியாகமத்துக்கும் என்ன சம்பந்தம்? தேவாலய வாசலில் தொடங்கிய சொல், கட்சி மேடைக்கு வந்து சேர்ந்த வழி அந்தப் பட்டியலில் தெரிகிறது.

2024இல் மேற்கு வர்ஜீனியாவின் சட்டமன்றத்துக்கு வந்த ஒரு மசோதா, ஆசிரியர்கள் அறிவார்ந்த வடிவமைப்பைக் கற்பிக்கலாம் என்று பெயர் சொல்லியே தொடங்கியது. குழு விவாதத்தில் அந்தப் பெயரை வெட்டினார்கள். பிரபஞ்சமும் உயிரும் எப்படி வந்தன என்பது பற்றிய அறிவியல் கோட்பாடுகள் குறித்து மாணவர் கேட்டால் ஆசிரியர் பதில் சொல்வதைத் தடுக்கக் கூடாது என்ற வடிவில் அது சட்டமானது. எந்தக் கோட்பாடு என்று சட்டம் சொல்லவில்லை.