பொறியின்றிப் பற்றிய தீ

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும்: பத்துப் பதினைந்து முறை அழுத்தினால் பம்பின் அடிப்பக்கம் சுடும். காற்றை நெருக்கினால் அது சூடாகும், அவ்வளவுதான். ஒரகடம் கூட்டுரோட்டில் நின்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் லாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சூடுதான் ஞாபகம் வரும். அவற்றின் என்ஜினுக்குள் நடப்பதும் அதுவே. உள்ளே காற்றை இருபதில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்குகிறார்கள். அது பழுத்துப்போன சூட்டை எட்டியதும் எண்ணெயைப் பனிபோலப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் வண்டிக்கு வேண்டிய ஸ்பார்க் பிளக் இதற்குத் தேவையில்லை.

இந்த உண்மை, இந்த என்ஜின் பிறந்த ஜெர்மனிக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பே நம் கிழக்குக் கடலுக்கு அக்கரையில் இருந்தது. மலாய் நாட்டிலும் ஜாவாவிலும் போர்னியோவிலும் விரல் நீளக் குழாய் ஒன்றில் ஒரு தண்டைச் சடாரென்று குத்திப் பஞ்சைப் பற்றவைப்பார்கள். தீக்குச்சி இல்லாத காலத்து அடுப்பு அதில்தான் மூண்டது.

அதே ஜாவாவின் சுரபாயா துறைமுகத்துக்கு 1840இல் ஒரு டச்சுக் கப்பலில் மருத்துவராக வந்தவர் ஜூலியஸ் ராபர்ட் மேயர் என்ற ஜெர்மானிய இளைஞர். மாலுமிகளுக்கு ரத்தம் எடுக்கும்போது, கறுத்திருக்க வேண்டிய சிரை ரத்தம் செக்கச்செவேலென்று வந்தது. தமனியில் குத்திவிட்டோமோ என்று முதலில் பதறினார். பிறகு புரிந்தது. வெப்ப நாட்டில் உடலைச் சூடாக வைத்திருக்க அதிகம் எரிக்க வேண்டியதில்லை. அதனால் ரத்தத்தில் பிராணவாயு மிஞ்சுகிறது. அந்த ஒரு கவனிப்பிலிருந்து, வெப்பமும் உழைப்பும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்ற முடிவுக்கு அவர் போய்ச் சேர்ந்தார். 1842இல் அதை எழுதி வெளியிட்டபோது பெரிதாக யாரும் மதிக்கவில்லை. மேயரைப் பள்ளிப் புத்தகங்கள் இன்னும் கொஞ்சம் நினைவில் வைத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

வெப்பம் உழைப்பாக மாறும் என்றால் எவ்வளவு மாறும்? 1878இல் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் கார்ல் லிண்டே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நீராவி என்ஜின் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக்குவதில்லை என்றார். கேட்டுக்கொண்டிருந்த இருபது வயது மாணவர், மீதியை மீட்க வழியுண்டா என்று ஆராய வேண்டும் எனத் தன் நோட்டின் ஓரத்தில் குறித்துவைத்தார். பெயர் ருடால்ஃப் டீசல். பாரிஸில் பிறந்து, 1870ஆம் ஆண்டுப் போரில் குடும்பத்தோடு அந்நாட்டைவிட்டு வெளியேறி, ஆக்ஸ்பர்க் நகரில் உறவினர் வீட்டில் வளர்ந்த ஏழைப் பிள்ளை.

அந்த ஓரக்குறிப்பு இரும்பாக மாறப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. காப்புரிமை 1893இல் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையில் முதல் சோதனை. அழுத்தமானி வெடித்துச் சிதறியது. ஆனால் எரிபொருள் தானாகப் பற்றியது; அது போதும் அவருக்கு. 1897 பிப்ரவரி 17 அன்று பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து அளந்தபோது, எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதம் வேலையாக வந்தது. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. ஆப்பிரிக்காவில் விளையும் கடலையை அங்கேயே எரிபொருளாக்கலாமா என்று பிரெஞ்சு அரசு யோசித்த காலம் அது. காஞ்சிபுரத்துக்கு மேற்கே கடலைக் காடுகளைத் தாண்டிப் போகும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

டீசலுக்கு இன்னொரு கனவும் இருந்தது. பெரிய ஆலைகள் சிறு கைவினைஞரை விழுங்கிவிடாமல் இருக்க, ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு சின்ன என்ஜின் வேண்டும் என்று நினைத்தார். தொழிலாளர்களே உடைமையாளர்களாக இருக்கும் சமுதாயம் பற்றி 1903இல் ஒரு புத்தகமும் எழுதினார், அது விற்கவில்லை. 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்துக்குப் போகும் டிரெஸ்டன் என்ற கப்பலிலிருந்து காணாமல் போனார். சில நாள் கழித்து உடல் கடலில் மிதந்தது.

அவருடைய அந்தக் கனவை நான் எங்கள் ஊர்க் கிணற்று மேட்டில் பார்த்திருக்கிறேன். கரண்ட் வராத காலத்தில் ஆயில் என்ஜின்தான். ஹேண்டிலைப் போட்டு நாலு சுற்று வேகமாகச் சுற்றி லீவரைத் தட்டிவிட்டால் டக்கு டக்கென்று பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால், “ஏர் புடிச்சிருக்கு” என்பார் சித்தப்பா. நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியே எடுப்பார். ஏற்றமும் கவலையும் இறைத்த தண்ணீரைப் பல மடங்காக்கி ஒரு குடும்பத்தின் நிலம் முழுவதற்கும் பாய்ச்சியது அந்த ஒற்றை சிலிண்டர். மாவு மில்லுக்கும் அதுவே, கரும்பு ஆலைக்கும் அதுவே.

லாரிக்குள் அது ஏறியது வேறு கதை. டீசலின் முதல் என்ஜின்கள் எண்ணெயைப் பீய்ச்சத் தனியே காற்றமுக்கி வைத்திருந்ததால் கப்பலுக்கும் ஆலைக்கும்தான் லாயக்கு. ராபர்ட் போஷ் 1927இல் சிறிய, துல்லியமான பீய்ச்சு பம்பை வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கிய பிறகே சாலை அதற்கு அகலத் திறந்தது. இந்தியாவில் அந்த பம்புகளைச் செய்ய 1951இல் பெங்களூரில் மைக்கோ நிறுவனம் வந்தது. 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாடாவும் டெய்ம்லர்-பென்ஸும் கைகோத்து லாரி செய்தார்கள். அந்த உடன்பாடு 1969இல் முடிந்தது.

பிறகு 2012 ஏப்ரல் 18. ஒரகடத்தில் 400 ஏக்கரில் டெய்ம்லரின் லாரித் தொழிற்சாலை திறந்தது, லாரிக்குப் பெயர் பாரத்பென்ஸ். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பகுதியில் இப்போது கனரக என்ஜின் பூட்டுகிறார்கள். இங்கே செய்த லாரிகள் ஃபூசோ என்ற பெயரில் ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன, இந்தோனேசியாவுக்கும் போகின்றன. மேயர் ரத்தம் எடுத்த தீவுக்கூட்டத்துக்கே அந்த வெப்பம் திரும்பிப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அதே 2012 ஜூனில்தான் டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. இதை மறைத்து இந்த என்ஜினின் வாழ்க்கையை எழுத எனக்கு மனம் வரவில்லை. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 விதி வந்தது. கனரக லாரியில் இப்போது டீசல் டேங்கோடு யூரியாக் கரைசலுக்கும் ஒரு டேங்க் உண்டு. புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை அது முறிக்கிறது. இது முன்பே வந்திருக்க வேண்டும்.

கூட்டுரோட்டு டீக்கடையோரம் லாரியை நிறுத்திவிட்டு டிரைவர்கள் டீ குடிக்கிறார்கள். இன்றைய நல்ல என்ஜின் எண்ணெயின் வெப்பத்தில் நாற்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் வேலையாக்குகிறது. நிறுத்திக் கால் மணி நேரமான லாரியின் ரேடியேட்டர் முன் கையை நீட்டினேன். அனல் அடித்தது. மியூனிக் வகுப்பில் ஒரு மாணவர் நோட்டின் ஓரத்தில் தேடிய மீதி இன்னும் அங்கேதான் இருக்கிறது.