தாது வருஷத்தில் தானியம் எங்கே போச்சு?

அவசர அவசரமா அள்ளித் தின்கிற பிள்ளையைப் பார்த்து, "பஞ்சத்துலே அடிபட்டவன் மாதிரி திங்கிறானே" என்று நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க. அந்தப் பேச்சுக்குப் பின்னாலே நிற்பது தாது வருஷப் பஞ்சம்.

1876-ல் ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தது. பஞ்சம் 1878 வரை நீண்டது. அப்போ நைனார்பாளையம் தென்னார்க்காடு ஜில்லா. மேற்கே கொஞ்ச தூரம் போனால் ஆத்தூர், அது சேலம் ஜில்லா. 1871-ல் சேலம் ஜில்லாவிலே ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் ஜனம். 1881 கணக்கிலே 16 லட்சம்தான். செத்தவங்க போக, இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குப் பஞ்சம் பிழைக்கப் போனவங்களும் உண்டு.

மழை இல்லை, சரி. தேசத்திலேயே தானியம் இல்லையா? இருந்ததுங்க. அந்தச் சமயத்திலேதான் 3 லட்சம் டன்னுக்கு மேலே கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. விலையிலே சர்க்கார் தலையிடக் கூடாதாம். விளைச்சல் போனவன் கையிலே காசு ஏது?

நிவாரண வேலைக்குப் போனவங்க பாடு இன்னும் மோசம். 1877 ஜனவரியிலே ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி கூலியைக் குறைத்தார். நாளெல்லாம் வெயிலிலே மண் சுமக்கிற ஆளுக்கு 450 கிராம் தானியம், ஒரு அணா. பொம்பிளைக்கு அதிலும் குறைவு. வேலை செய்கிற உடம்புக்கு 680 கிராமாவது வேணும், காய், பருப்பும் வேணும் என்று சென்னை சுகாதார அதிகாரி கார்னிஷ் என்ற டாக்டர் வாதாடினார். வெள்ளைக்காரர்தான், ஆனாலும் விடவில்லை. மார்ச்சிலே 570 கிராமும் கொஞ்சம் பருப்பும் ஆச்சு.

அயர்லாந்து நாட்டிலேயும் இதே கதை. குடியானவங்க உருளைக்கிழங்கு ஒன்றையே நம்பியிருந்தாங்க. 1845-ல் செடியிலே நோய் விழுந்தது. அடுத்த சில வருஷத்திலே 10 லட்சம் பேர் மாண்டாங்க. அப்பவும் தானியமும் மாடும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கிட்டுத்தான் இருந்தது. அங்கே நிவாரணத்தைக் கையை இறுக்கி நடத்திய டிரெவெல்யன், 1859-ல் நம்ம சென்னைக்கே கவர்னரா வந்தார்!

இன்றைக்கு நம்ம பக்கம் மரவள்ளி, மக்காச்சோளம். வித்துக் காசாக்கினால்தான் அரிசி. 2020-க்கு அப்புறம் மரவள்ளியிலே மாவுப்பூச்சி விழுந்தது ஞாபகம் இருக்கும். ஆடிப்பட்டத்திலே மானாவாரியா அரைக் காணி வரகு விதைச்சுப் பாருங்க. நாலு மாசப் பயிர். உமியோடு குதிரிலே கொட்டினால் பல வருஷம் கெடாது.