பிணை நிற்கும் பழைய வீரர்: பிரிட்டிஷ் கால்பந்துக் கிளப்புகளில் 'தூதர்' பதவி உருவான வரலாறு

பிரெஸ்டன் நார்த் எண்ட் அணியின் டாம் ஃபின்னி இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்களில் 30 கோல் அடித்தவர். 1960இல் ஓய்வு பெறும்வரை ஒரே கிளப்புக்குத்தான் ஆடினார். ஆடிக்கொண்டிருந்த நாட்களிலேயே குழாய் பொருத்தும் தொழிலையும் நடத்திவந்தார். அன்றைய இங்கிலாந்தில் ஆட்டக்காரரின் ஊதியத்துக்கு உச்சவரம்பு இருந்தது. 1961இல் அது நீக்கப்பட்டபோதுகூட வாரத்துக்கு 20 பவுண்டுதான். 1952இல் இத்தாலியின் பலெர்மோ கிளப் பெரும் தொகை தந்து ஃபின்னியை அழைத்தது. பிரெஸ்டன் நிர்வாகம் விடவில்லை. பின்னாளில் அவருக்குக் கிளப்பின் தலைவர் என்ற கௌரவம் கிடைத்தது; அரங்கின் ஒரு பகுதி அவர் பெயரைப் பெற்றது. ஆனால் அவர் ஓய்வுபெற்ற காலத்தில், பழைய வீரரைச் சம்பளத்துக்கு அமர்த்திக் கிளப்பின் முகமாக ஊர் ஊராக அனுப்பும் வழக்கம் இல்லை. அப்படியொரு முகம் தேவை என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

இன்று பெரிய கிளப் எதை எடுத்தாலும் தூதர் என்ற பெயரில் முன்னாள் வீரர்கள் இருக்கிறார்கள். இதை நன்றிக்கடன் என்று விளக்குவதே வழக்கம். காலவரிசை அந்த விளக்கத்துக்கு ஒத்துவரவில்லை. நன்றிதான் காரணம் என்றால், குறைந்த கூலிக்கு ஆடிய ஃபின்னியின் தலைமுறைக்கே இது முதலில் கிடைத்திருக்க வேண்டும். உரிமையாளருக்கும் ஊருக்கும் இடையே தூரம் கூடக் கூடத்தான் பழைய வீரருக்கு மதிப்பும் கூடியது என்பதே இக்கட்டுரையின் வாதம். புதிதாக வந்தவருக்குக் கடன் கொடுக்கும் முன் ஊரறிந்த ஒருவரின் கையெழுத்தைக் கேட்பதுபோல, ரசிகர்களும் விளம்பரதாரர்களும் ஒரு பிணையாளரைத் தேடினார்கள்.

தடையாக இருந்தவற்றில் ஒன்று சட்டம். கால்பந்துச் சங்கத்தின் 34ஆம் விதி கிளப்பின் இயக்குநர்கள் ஊதியம் பெறுவதைத் தடுத்தது. பங்காதாயத்துக்கும் வரம்பு வைத்தது. இதனால் நிர்வாகக் குழு என்பது உள்ளூர் வணிகர்கள் கௌரவத்துக்காகக் கூடும் இடமாகவே நெடுங்காலம் நீடித்தது. 1981இல் ஊதியத் தடை தளர்ந்தது. 1983இல் டாட்டன்ஹாம், தாய் நிறுவனம் ஒன்றை அமைத்து அந்த விதியைச் சுற்றிக்கொண்டு பங்குச் சந்தைக்குள் நுழைந்தது. அதற்கடுத்த ஆண்டு பதிப்பாளர் ராபர்ட் மேக்ஸ்வெல் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்க முயன்று தோற்றார். அதே 1984இல்தான் பாபி சார்ல்டன் யுனைடெட்டின் இயக்குநரானார்.

சார்ல்டனின் பதவிப் பெயர் தூதர் அல்ல. ஆனாலும் அப்பதவியின் முன்மாதிரி அவரே. 1958இல் யுனைடெட் அணி சென்ற விமானம் மியூனிக்கில் விபத்துக்குள்ளானபோது பிழைத்தவர். 1968இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியின் தலைவர். கிளப்புக்காக 758 ஆட்டங்கள். 1991இல் யுனைடெட் பங்குச் சந்தைக்குப் போனபோதும், 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் கடன் வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டி அதை வாங்கியபோதும் அவர் இயக்குநராகவே நீடித்தார். ரசிகர்களில் ஒரு பகுதியினர் வெளியேறித் தனிக் கிளப்பே தொடங்கினார்கள். சார்ல்டன் எதிர்க்குரல் எழுப்பி விலகியிருந்தால் புதிய உரிமையாளர்களுக்கு அது பேரிழப்பாகியிருக்கும். பிணையின் மதிப்பு அவர் என்ன செய்தார் என்பதில் இல்லை, போகாமல் இருந்ததில் இருந்தது.

லிவர்பூலின் கென்னி டால்கிலீஷ் கதை இதைவிடச் சிக்கலானது. 1977இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்பிலிருந்து வந்து ஆட்டக்காரராகவும் பின்னர் மேலாளராகவும் வென்றவர். 1989 ஹில்ஸ்பரோ நெரிசல் சாவுகளுக்குப் பின் ஒரே நாளில் நான்கு இறுதிச் சடங்குகளுக்குப் போனவர். அந்தச் சுமையோடு 1991இல் பதவி விலகினார். 2009இல் இளையோர் பயிற்சிக்கூடப் பொறுப்போடு தூதராகவும் திரும்பியபோது, கிளப் ஹிக்ஸ், ஜில்லெட் என்ற இரு அமெரிக்கர்களின் கையில் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. 2010 கோடையில் மேலாளர் பதவி காலியானது. டால்கிலீஷ் தானே விரும்பிக் கேட்டும் ராய் ஹாட்ஜ்சனுக்குக் கொடுத்தார்கள். அணி தோற்கத் தோற்க, அரங்கில் டால்கிலீஷின் பெயர் கோஷமாக எழுந்தது. அக்டோபரில் கிளப்பை வாங்கிய இன்னொரு அமெரிக்க நிறுவனம், 2011 ஜனவரியில் ஹாட்ஜ்சனை அனுப்பிவிட்டு, கப்பல் சுற்றுலாவில் இருந்த டால்கிலீஷை அழைத்து அணியை ஒப்படைத்தது. அலங்காரம் என்று எண்ணப்பட்ட பதவி எவ்வளவு அதிகாரத்தைத் தேக்கி வைத்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். 2012இல் லீக் கோப்பையை வென்ற சில மாதங்களிலேயே அவரை நீக்கினார்கள். அடுத்த ஆண்டே இயக்குநராகத் திரும்ப அழைத்தார்கள். மேலாளராக அவரை விட முடிந்தது, பிணையாளராக விட முடியவில்லை.

இந்த வாதத்துக்கு செல்டிக் ஒரு சோதனை. 1967இல் லிஸ்பனில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் இன்டர் மிலானை 2–1 என்று வென்ற செல்டிக்கின் பதினொருவரும் அரங்கிலிருந்து 30 மைல் சுற்றளவில் பிறந்தவர்கள். அந்த அணியின் தலைவர் பில்லி மெக்நீல் 2009இல் தூதரானார். அங்கே தூரம் முதன்மையாக உரிமையாளர் வழியாக வரவில்லை, அணியின் வழியாக வந்தது. 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த போஸ்மேன் தீர்ப்புக்குப் பின் ஐரோப்பிய வீரர்கள் எல்லை கடந்து நகர்வது எளிதானது. 30 மைல் அணி என்பதே இனி நினைத்துப் பார்க்க முடியாததாயிற்று. அந்த அணியின் உயிருள்ள சான்றாக மெக்நீல் நின்றார். 2017இல் அவருக்கு மறதிநோய் இருப்பதைக் குடும்பத்தினர் வெளியிட்டார்கள், 2019இல் இறந்தார். சார்ல்டனுக்கும் அதே நோய் இருந்தது. முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட சுமார் மூன்றரை மடங்கு அதிகம் என்று கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு 2019இல் காட்டியது. பழைய வீரர்களின் புகழை விற்கத் தெரிந்த தொழில், அவர்களின் தலைக்கு நேர்ந்ததை இவ்வளவு தாமதமாகவா கவனிக்க வேண்டும்?

2012இல் நியூயார்க் பங்குச் சந்தைக்குச் சென்ற யுனைடெட், உலகெங்கும் 65.9 கோடிப் பேர் தன்னைப் பின்தொடர்வதாகவும் அதில் 32.5 கோடிப் பேர் ஆசிய பசிபிக் பகுதியினர் என்றும் முதலீட்டாளர்களிடம் சொன்னது. எண்ணிக்கையை நம்புவதும் நம்பாததும் வேறு விஷயம். 2014இல் தென்கொரியாவின் பார்க் ஜி-சுங் தூதரானதை அந்தக் கணக்கோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஏழு பருவங்கள் சலிக்காமல் ஓடிய அரிய உழைப்பாளி அவர். ஆனால் கோல் எண்ணிக்கையிலோ கோப்பைகளிலோ அவரை மிஞ்சிய பலருக்கு அந்த அழைப்பு வரவில்லை. ஊருக்குப் பிணை நின்ற பதவி இங்கே சந்தைக்குப் பிணை நிற்பதாக மாறியது.

யுனைடெட்டுக்கு ஒருபோதும் ஆடாத, ஆனால் 26 ஆண்டுகள் அதன் மேலாளராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசனும் 2013இல் ஓய்வு பெற்றதும் தூதரானார். ஆண்டுக்கு இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் பெற்றார். 2024இல் ஜிம் ராட்கிளிஃப் கிளப்பின் கால்பங்கிற்குச் சற்று மேல் வாங்கி, நிர்வாகத்தைக் கையிலெடுத்தார். ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் வேலை இழந்தார்கள். ஃபெர்குசனின் தூதர் ஒப்பந்தமும் 2024–25 பருவத்தோடு முடித்துக்கொள்ளப்பட்டது. செலவுக் குறைப்புதான் காரணம் என்றார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வெட்டியவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ராட்கிளிஃப் பிறந்தது மான்செஸ்டரை ஒட்டிய ஃபெயில்ஸ்வொர்த்தில். சிறுவயது முதல் யுனைடெட் ரசிகன் என்று சொல்லிக்கொண்டே வந்தவர். கிளேசர்கள் பதினொரு ஆண்டுகள் சுமந்த அந்தச் செலவை இந்த ஊர்க்காரர் ஓராண்டுக்குள் நிறுத்த முடிவு செய்தார்.