ஆலை நிலமும் நகரத்தின் பாகமும்

தொழிற்பகுதியென்று வகுக்கப்பட்ட நிலம் அரசாங்கத்தின் ஓர் ஆணையால் குடியிருப்புக்கு உரியதாக மாறும்போது, ஒரு செங்கல்லும் நகராமலே அதன் விலை பன்மடங்காகிறது. அவ்வுயர்வுக்குக் காரணம் உடையவனுடைய முயற்சியன்று. சுற்றிலும் ரயிலும் சாலையும் குடிநீரும் அமைத்த நகரமும், தலைமுறைகளாக அங்கே உழைத்த தொழிலாளரும், ஆணை பிறப்பித்த அரசாங்கமுமே காரணம். ஆதலின் அவ்வுயர்வில் பொதுஜனங்களுக்குரிய பாகம், அனுமதி தரும் அன்றே, முழு நிலத்தின்மேலும் கணக்கிட்டு ஒதுக்கப்பட வேண்டுமென்பது இக்கட்டுரையின் துணிபு. பம்பாயின் பஞ்சாலை நிலங்களின் சரித்திரம் இதற்குத் தக்க சான்று.

பரேல், லால்பாக், வொர்லி முதலிய பகுதிகளில் 58 ஆலைகள் ஏறத்தாழ 600 ஏக்கரில் பரந்திருந்தன. அவற்றின் தொழிலாளர் பத்தடிக்குப் பத்தடி அறையொன்றில் பலராய் முறைவைத்து உறங்கினர். ஒருவர் எழுந்து பகல் ஷிப்டுக்குப் போனதும், இரவு ஷிப்டு முடிந்து வந்தவர் அதே பாயில் தலை சாய்ப்பார். 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்தின் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் பல மீளவேயில்லை.

1991-இல் வந்த 58-ஆவது அபிவிருத்தி விதி, ஆலை நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற இடமளித்ததோடு, நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகம் மாநகராட்சியின் திறந்தவெளிக்கும், மற்றொரு பாகம் எளியோர் வீடுகளுக்கும், எஞ்சியதே உடைமையாளருக்கும் என்று வகுத்தது. 1996-இல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரேயாவின் தலைமையில் அமைந்த குழுவும் ஆலைகளைத் தனித்தனியே துண்டாடாமல் ஒருங்கே திட்டமிடுமாறு யோசனை கூறிற்று. அந்த யோசனை கைவிடப்பட்டது.

2001-இல் நிகழ்ந்த திருத்தமோ விதியின் உயிரையே மாற்றிவிட்டது. அதன்படி, ஏற்கெனவே காலியாயிருந்த நிலம் மட்டுமே பங்கீட்டுக்கு உட்படும். கட்டடத்தை இடித்துப் பெறும் நிலம் உட்படாது. பத்து ஏக்கர் ஆலையொன்றில் ஒன்பது ஏக்கரைக் கட்டடங்கள் அடைத்திருக்குமாயின், நகரமும் ஏழைகளும் பங்கு கேட்கக்கூடியது எஞ்சிய ஒரே ஏக்கரில்தான்! ஆலையென்பது நிலத்தை நெருக்கி அடைத்து நிற்கும் கட்டடம் என்பதை அறிந்தோர்க்கு இதன் விளைவு சொல்லாமலே விளங்கும். இத்திருத்தத்தை எதிர்த்த வழக்கில் 2005-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் பொதுநலத்தின் பக்கம் நின்றது; 2006 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றித் திருத்தத்தை நிலைநிறுத்தியது.

நிலத்தில் பெரும்பாகத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமெனில் எந்த உடைமையாளரும் முன்வரார், ஆலைகள் பாழாய்க் கிடக்கும், தொழிலாளரின் நிலுவையும் தீராது என்பது எதிர்வாதம். 1991-க்குப் பின் பல ஆலைகள் அசையாமல் கிடந்தது மெய்யே; ஆகவே இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் 2005-இல் மும்பை டெக்ஸ்டைல் மில் என்னும் ஓர் ஆலையின் நிலம் 702 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. அத்தகைய நிலத்தில் மூன்றிலொரு பாகமே உடைமையாளருக்குக் கிட்டினும் அது சலுகையேயன்றித் தண்டனையாகாது. ஊக்கம் குறைவென்று தோன்றினால் கட்டடத்தின் உயர அளவைச் சற்றுக் கூட்டியிருக்கலாம். ஒருமுறை போன நிலத்தை மீட்க வழியில்லை.

திறந்தவெளி கிடைக்காத பகுதியில் வானளாவிய கட்டடங்கள் மட்டும் எழுந்தன. அவற்றில் பணிபுரிவோர் இறங்கும் ரயில் நிலையங்களோ பழைய அளவிலேயே இருந்தன. 2017 செப்டம்பர் 29 அன்று காலை, மழைக்கு ஒதுங்கிய கூட்டம் எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகிய நடைபாலத்தில் நெருக்குண்டு, 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலத்தின் உபயோகத்தை மாற்றிய கை, அதை ஒட்டிய வழிகளையும் விரிவாக்கியிருக்க வேண்டுமென்பதை இதனினும் கொடிதாக உணர்த்த இயலாது.

தொழிலாளருக்கென ஒதுக்கிய வீடுகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் விண்ணப்பங்கள் குவிந்தன. 2012-இல் நடந்த முதற் குலுக்கலில் வழங்கப்பட்டவை 7,000-க்கும் குறைவு. ஒவ்வொன்றும் 225 சதுரஅடி.