வன்னியின் அறிவியற் கல்வியும் ஆசிரியர்தம் உயர்பட்டமும்

ஒரு பிரதேசத்தின் கல்வி வரலாற்றை அங்கு எழுந்த கட்டடங்களைக் கொண்டு மட்டும் கணித்தல் பொருந்தாது. அங்கு எதனை, எவ்வாறு கற்பித்தல் வேண்டும் என்னும் சிந்தனை அம்மண்ணிலேயே பிறந்ததா என்பதும் நோக்கப்படல் வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பின் அறிவியற் கல்வியை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் எண்ணமாகும்.

ஈழத்திலே மேலைத்தேய விஞ்ஞானம் தமிழிற் கற்பிக்கப்பட்ட வரலாறு பழமையானது. 1847 இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860களில் அதனைத் தமிழிலேயே போதித்தார். ஆயின் இத்தகைய முயற்சிகள் குடாநாட்டுக்குள்ளேயே நின்றன. இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியராயிருந்த செல்லப்பா சுந்தரலிங்கம் 1947 இல் வவுனியாவின் பாராளுமன்றப் பிரதிநிதியானார். கணித மேதையொருவரைப் பிரதிநிதியாகப் பெற்ற மண்ணிலே கணிதக் கல்வி வேரூன்றவில்லை என்பது வரலாற்றின் முரணாகும்.

1970களின் தரப்படுத்தல் இம்முரணை வேறொரு வடிவிற் காட்டிற்று. மொழிவாரித் தரப்படுத்தலில், மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர் 229 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தமை பலரும் அறிந்ததே. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் வவுனியா போன்ற பின்தங்கிய மாவட்டத்தார் சிலர் பயனடைந்தனர். ஆனால் கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துள் அடங்கியிருந்தது. எனவே காடு வெட்டிக் குடியேறிய விவசாயியின் மகன், ஆய்வுகூட வசதி மிக்க நகரக் கல்லூரி மாணவனோடு ஒரே பட்டியலிற் போட்டியிட நேர்ந்தது. மாவட்ட எல்லை சமத்துவத்தின் அளவுகோலாக இருக்கவில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பிற்காலத்தே நிறுவனங்கள் எழுந்தன. 1991 இல் வவுனியாவில் அமைந்த இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகமாகவும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தது. போரினால் இடம்பெயர்ந்த விவசாய பீடம் கிளிநொச்சிக்கு மீண்டது. பொறியியல், தொழினுட்ப பீடங்களும் அறிவியல் நகரில் அமைந்தன. எனினும் வவுனியாப் பல்கலைக்கழகம் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கை, தொழினுட்பக் கற்கை ஆகிய மூன்று பீடங்களுடனேயே தொடங்கிற்று. கல்வியியலுக்கு அங்கு பீடம் அமையவில்லை. விஞ்ஞானத்தை வளர்க்க இடமுண்டு. அதனைக் கற்பிக்கும் முறையை ஆராய்தற்கோ ஆசிரியர் வன்னியை நீங்குதல் வேண்டும்.

இவ்விடத்தே தொழில்சார் கலாநிதிப் பட்டம் பற்றிச் சிந்தித்தல் தகும். பதவியில் இருந்தவாறே தம் தொழிலின் பிரச்சினையை ஆய்வுப் பொருளாகக் கொள்வது இப்பட்டத்தின் இயல்பு. ஹாவாட் பல்கலைக்கழகம் 1920களின் தொடக்கத்திலேயே கல்வியியற் கலாநிதிப் பட்டத்தை வழங்கலாயிற்று. 1990களில் அது பிரித்தானியாவிற் பரவிற்று. நமக்கும் இந்நெறி முற்றிலும் அந்நியமானதன்று. 1980 இல் நிறுவப்பெற்ற பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் நெறிகளில், மருத்துவர் நோயாளியின் கட்டிலருகே பணிபுரிந்தவாறே உயர்பட்டம் பெறுகின்றனர். மருத்துவருக்கு வைத்தியசாலை எதுவோ, ஆசிரியருக்கு வகுப்பறை அதுவன்றோ?

இத்தகைய பட்டம் ஆய்வின் தரத்தைத் தாழ்த்தும் என்பார் உளர். அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று, பதவி உயர்வுக்கான கடதாசியாக மட்டும் அது மாறிவிடலாம். ஆயினும் அதனைத் தடுக்கும் வழி கடுமையான பரீட்சிப்பேயன்றி, வழியையே அடைத்துவிடுதலன்று. இரணைமடுக் குளத்தின் நீரோட்டத்தைக் கொண்டு பௌதிகத்தையும், வவுனியாக் கிணறுகளின் நீரைக் கொண்டு இரசாயனத்தையும் எவ்வாறு கற்பிக்கலாம்? 2009 வரை இடம்பெயர்ந்து திரிந்த பிள்ளைகளின் தலைமுறை கணிதத்தில் எதனை இழந்தது? இவ்வினாக்களுக்கு விடை காணும் தகுதி, அப்பிள்ளைகளோடு மரநிழலில் நின்று கற்பித்த ஆசிரியருக்கே முதலில் உண்டு.

அவ்விடைகள் தமிழில் எழுதப்படல் வேண்டும். வன்னியிலேயே பரீட்சிக்கப்படவும் வேண்டும். உயர்பட்டத்துக்காக ஆசிரியர் ஊரை நீங்கும் நிலை நீடிக்குமாயின், ஒவ்வொரு பட்டமும் வகுப்பறையொன்றின் இழப்பாகவே முடியும்.