கடலடியில் ஒருவர், காட்சிக்கூடத்தில் ஒருவர்

திருச்செந்தூர்க் கோயிலைப் பிடித்துவைத்திருந்த டச்சுக்காரர், போகும்போது சண்முகரையும் நடராஜரையும் கப்பலேற்றிய கதை திருநெல்வேலிச் சீமை முழுக்கத் தெரிந்தது. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982-இல் களவுபோய், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து 2019-இல் திரும்பிய செய்தியும் அப்படியே. முன்னது போர்க்காலக் கொள்ளை. பின்னது அமைதிக்காலக் களவு. இரண்டையும் அருகருகே வைத்தால் சில கணக்குகள் தலைகீழாகின்றன.

முதலில், எடுத்தவர்களின் கண்ணோட்டம். கோயில் மரபு சொல்கிறபடி, டச்சுக்காரர் விக்கிரகங்களைப் பொன் என்று எண்ணி உருக்கப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணுக்குப் பட்டது உலோகம். கல்லிடைக்குறிச்சிக் களவில் உலோகத்தின் எடைக்கு மதிப்பில்லை; 16-ஆம் நூற்றாண்டு வேலைப்பாட்டுக்கே விலை. நடுக்கடலில் புயல் எழுந்ததும் டச்சுக்காரர் அஞ்சி, சுவாமியைக் கடலில் போட்டார்கள். லண்டன் வணிகர்களிடம் 2001-இல் வாங்கிய தென் ஆஸ்திரேலியக் கலைக்கூடமோ பத்திரமாகப் பேணியது. ஆனால் கலைக்கூடத்தில் அவர் அரிய கலைப்பொருள். தெய்வமாக நினைத்து நடுங்கியவர்கள் கடலில் போட்டவர்கள்தாம்.

அடுத்து, காலம். திருச்செந்தூர் மூர்த்திகள் 1648-இல் போய் 1653-இல் மீண்டதாக மரபு. கல்லிடைக்குறிச்சி நடராஜருக்கு 37 ஆண்டுகள் ஆயின. போரில் பறிபோனது சீக்கிரம் வந்தது. சட்டமும் காவல்துறையும் இருந்த காலத்தில் போனது தாமதித்தது. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். படையோடு வந்து கோயிலுக்குள் குடியிருந்தவன் யாரென்று ஊருக்கே தெரியும். இரவில் வந்தவனுக்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை. 1982-இல் பதிந்த வழக்கு, கண்டுபிடிக்க முடியவில்லை என்று 1984-இல் மூடப்பட்டது.

மீட்ட வழிகள் இன்னும் விலகி நிற்பதுபோலத் தோன்றும். நாயக்கர் ஆட்சியில் நெல்லைப் பகுதியை நிர்வகித்த வடமலையப்ப பிள்ளைக்குக் கனவில் அடையாளம் கிடைத்தது: கடலில் எலுமிச்சம்பழம் மிதக்கும், அதன்மேல் கருடன் வட்டமிடும், அங்கே மூழ்கித் தேடு. சிலைக்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குக் கைகொடுத்தது ஒரு புகைப்படம். களவுக்குப் பல ஆண்டுகள் முன்பே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் ஆய்வுக்காகக் கோயிலில் எடுத்துவைத்தது. ஒன்று பக்தியின் சாட்சியம், மற்றது நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சியம்.

ஆயினும் எதிர்பாராத உறவு இங்கேதான் இருக்கிறது. கனவு வருமுன் வடமலையப்பர் சும்மா இருக்கவில்லை. போனவற்றுக்கு ஈடாகப் புதிய பஞ்சலோக மூர்த்திகளை வார்ப்பித்தார். பழையவை கிடைத்ததும் புதியவை பாளையங்கோட்டைப் பக்கம் திருப்பிராந்தீஸ்வரர் கோயிலில் எழுந்தருளின. அங்கே ஒரு பிரதி. புதுச்சேரிப் பெட்டகத்தில் இருந்த படமும் ஒரு பிரதி. அசல் இல்லாத காலத்தில் இரண்டு ஊர்களுக்கும் துணைநின்றது பிரதிதான். முதல் பிரதி அசலின் இடத்தை நிரப்பச் செய்யப்பட்டு, தனக்கென வேறு கோயிலும் பூசையும் பெற்றது. இரண்டாவது எந்த இடத்தையும் நிரப்ப எண்ணாமல் எடுக்கப்பட்டு, அசலையே அதன் இடத்துக்குக் கொண்டுவந்தது.

இதற்கு அடியில் ஸ்தபதியின் தொழில் இருக்கிறது. மெழுகில் உருவம் பிடித்து, மேலே மண் பூசி, சுட்டு மெழுகை வடித்து, உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண் கருவை உடைத்தெடுப்பார்கள். கரு உடைந்துவிடுவதால் அதிலிருந்து இன்னொன்று பிறக்காது. பெரும்பாலான நடராஜர்கள் ஒரே காலைத்தான் தூக்குகிறார்கள். ஆனால் விரலின் வளைவும் பீடத்தின் இதழும் ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இருப்பதில்லை. ஆகவேதான் வடமலையப்பர் வார்த்தது வேறொரு மூர்த்தி ஆயிற்று. அதனாலேயே புகைப்படம் கல்லிடைக்குறிச்சியாருக்கு மட்டும் பொருந்திற்று.

இரண்டு வரலாறுகளையும் எடைபோட்டால், மீட்புக்குத் தேவை வீரத்தைவிட அடையாளம் என்று தெரிகிறது. பிரெஞ்சு நிறுவனத்தின் பெட்டகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. ஆனால் அந்தப் படக்கருவி எல்லாக் கோயிலுக்கும் போகவில்லை. தாமிரபரணிக் கரையில் படமெடுக்கப்படாத உற்சவர் ஒருவர் களவுபோய், நாளை எங்கோ ஒரு காட்சிக்கூடத்தில் தென்பட்டாலும், எங்கள் சுவாமி என்று ஊரார் சொல்லலாம், நிரூபிக்க முடியாது.